டீச்சர் பதில்கள்: பெயரைத் தேடுங்கள், கல் அப்புறம்

இரண்டு இதழ்களுக்கு முன் கேப்டன் லட்சுமியைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவத்தில் ஜான்சி ராணிப் படை என்ற பெண்கள் படைக்குத் தலைமை தாங்கியவர். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அவரைப் பற்றியவை அல்ல. அவரோடு போன, யாருக்கும் பெயர் தெரியாத பெண்களைப் பற்றியவை. அதனால் இந்த மாதம் மற்ற கேள்விகளுக்கு விடுமுறை. கல்லணைக்கு வயது என்ன என்று மூன்றாவது முறையாகக் கேட்டிருக்கும் தம்பி பொறுத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து ஆறேழு பெண்கள் ஜான்சி ராணிப் படைக்குப் போனார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது தோட்டமும் இல்லை, தொழிலாளர்கள் குடியிருந்த லயமும் இல்லை, தமிழ்ப்பள்ளி மட்டும் நிற்கிறது. முன்னாள் மாணவர்கள் சேர்ந்து பள்ளி வாசலில் அவர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் வைக்கப் போகிறோம். துப்பாக்கி ஏந்திய பெண் சிலை வைக்கலாம் என்பது பலர் கருத்து. உங்கள் யோசனை என்ன? (பழைய மாணவர், பேராக், மலேசியா)

சிலைக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்களா? கொடுக்கவில்லை என்றால் நல்லது.

"ஆறேழு" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. ஆறா, ஏழா? அந்த ஏழாவது பெண் யார்? அதைக் கண்டுபிடிக்காமல் சிற்பியிடம் போனால், அவர் தன் பட்டறையில் இருக்கும் ஏதோ ஒரு அச்சில் ஒரு பெண்ணை வார்த்துக் கொடுப்பார். எடுப்பான மூக்கு, நிமிர்ந்த மார்பு, கையில் துப்பாக்கி. அது உங்கள் தோட்டத்துப் பெண்ணாக இருக்காது.

துப்பாக்கியிலும் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. பயிற்சி எடுத்தார்கள், உண்மை. சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்தார், பெண்கள் படையை அறிவித்தார், அக்டோபர் 22 அன்று அங்கே முகாம் திறந்தது. பால்வாளி தூக்கிய கைகள் துப்பாக்கி தூக்கின. ஆனால் பர்மாவுக்குப் போனபின் இம்பால் படையெடுப்பே தோற்றுப்போனது. இந்தப் பெண்களைப் போர்முனைக்கு அனுப்பவில்லை. மேமியோவில் குண்டு விழும் நேரத்திலும் மருத்துவமனையில் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டார்கள். சீழ் துடைத்தார்கள், கட்டு மாற்றினார்கள். 1945 ஏப்ரல் கடைசியில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது, விமானங்களுக்குப் பயந்து பகலில் ஒளிந்து இரவில் நடந்தார்கள். இதில் எதைச் செய்ததற்காக அவர்களை நினைக்கப் போகிறோம்? எல்லாவற்றுக்கும்தானே. துப்பாக்கியை மட்டும் கையில் கொடுத்தால் மற்றதெல்லாம் காணாமல் போய்விடும்.

லண்டனில் வைட்ஹால் தெருவில் ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் உழைத்த பெண்களுக்காக 2005 ஜூலையில் திறந்தது. ஜான் மில்ஸ் என்ற சிற்பி செய்தது. சுமார் 22 அடி உயர வெண்கலக் கட்டை, அதில் ஒரு முகம்கூடக் கிடையாது. சுற்றிலும் 17 பேருடைய உடுப்புகள் ஆணியில் மாட்டித் தொங்குகின்றன, அவ்வளவுதான். போர் முடிந்து ஆண்கள் திரும்பியதும், வேலையை அவர்களிடம் விட்டுவிட்டுச் சீருடையைக் கழற்றி மாட்டிப் போய்விட்ட மாதிரி. படத்தில் பார்த்தபோதே எனக்குத் தொண்டை அடைத்தது. உங்கள் சின்னத்தில் என்ன தொங்கும் என்று குழுவில் ஒரு மாலை உட்கார்ந்து பேசிப் பாருங்கள். காக்கிச் சட்டை ஒன்று. பக்கத்தில் பால் கறை பிடித்த கைலி. தலைத்துண்டு. பால்வாளி.

ஆனால் லண்டன் சின்னத்தில் தனிப் பெயர்களும் கிடையாது. ஒரு தேசத்துக்கு அது சரி, லட்சக்கணக்கில் பெயர் எழுத முடியாது. உங்களுக்கு வேண்டியது ஏழு பெயர். தேடினால் கிடைக்கும். பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடு, தோட்டத்துச் செக்ரோல் (ஆள் பதிவேடு) யாரிடமாவது மிஞ்சியிருந்தால் அது, கோயில் திருவிழா நன்கொடை நோட்டு, சர்ச் ஞானஸ்நானப் பதிவு. அப்புறம் லயத்து வாசலில் விளையாடிய, இப்போது எண்பது தாண்டிய பிள்ளைகள். ஒன்று சொல்கிறேன், ஒரே தோட்டத்தில் மூன்று மாரியாயி இருப்பார்கள். அப்பா பெயரோ, எத்தனையாவது லயம் என்றோ சேர்த்து எழுதுங்கள். பட்டப்பெயர்தான் கிடைத்தது என்றால் அதையே வெட்டுங்கள். ஊர் அழைத்த பெயர்தான் பெயர்.

கேள்வி: பெண்களுக்குக் கல் நாட்டுவது தமிழர் மரபா? (கல்லூரி மாணவி, திருவண்ணாமலை)

உங்கள் மாவட்டத்துக்காரரிடமிருந்தே இந்தக் கேள்வி வருகிறதே! செங்கம் பக்கம் திரும்பின திசையெல்லாம் நடுகல். கல்லைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து நாட்டி வாழ்த்துவது வரை தொல்காப்பியம் முறையே வகுத்து வைத்திருக்கிறது. சிலப்பதிகாரத்தில் அந்த முறையெல்லாம் யாருக்கு நடக்கிறது? கண்ணகிக்கு. ஒரு பெண்ணுக்குத்தான் சேரன் இமயம் வரை போய்க் கல் எடுத்து வந்ததாகக் கதை.

காவியத்தை விட்டுத் தரைக்கு வந்தால் நிலைமை வேறு. நடுகல்லில் நிற்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். உடன்கட்டை ஏறிய பெண்ணுக்குச் சதிக்கல் உண்டு, அது அவள் செத்த விதத்துக்காக. எடுத்தனூருக்கு ஒருநாள் போய்வாருங்கள். மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாய். கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற நாய். அதன் பெயர் கோவிவன் என்று தனியாக வெட்டியே வைத்திருக்கிறார்கள். 1,400 வருடமாக ஒரு நாயின் பெயர் நிற்கிறது. எனக்கு அந்த நாய் மேல் பொறாமை இல்லை, நன்றாக இருக்கட்டும். முதல் உலகப்போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை ஆண்கள் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று வெள்ளைக்காரன் நம் கிராமங்களில் பதித்துவிட்டுப் போன பலகைகளையும் பார்த்திருக்கிறேன். போனவர்கள் திரும்பும் வரை ஏர் பிடித்தது யார் என்று அதில் ஒரு வரி இல்லை.

கேள்வி: என் அம்மாவைப் பெற்ற பாட்டி மலாயாவில் இருந்தபோது படையில் சேர்ந்தவர். ஊர் மந்தையில் தியாகிகள் பலகை வைக்கிறார்கள். பாட்டி பெயரைச் சேர்க்கச் சொன்னால் "ஆதாரம் கொண்டு வா" என்கிறார்கள். எங்கே போவேன்? (பெயர் வேண்டாம் என்ற வாசகி, சிவகங்கை மாவட்டம்)

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். காரணம் இருக்கிறது.

என் பெரிய அத்தை பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். ஐம்பதுகளில் ஊருக்குத் திரும்பினார். துவைத்த துண்டை அவர் மடித்தால் நாலு மூலையும் கத்தி மாதிரி நிற்கும். செருப்பைக் கழற்றினால் வாசலைப் பார்த்து ஜோடியாக வைப்பார். வரப்பில் நடந்தால் மாமா பின்னால் ஓடித்தான் வரவேண்டும். எங்களைத் தூங்கவைக்கும்போது தாலாட்டு பாடமாட்டார், வரிசையாகப் பெண்களின் பெயர்களைச் சொல்வார். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் "ஹாஜிர்" என்பார். ஏதோ மலாய் மந்திரம் என்று நினைத்துக்கொண்டு தூங்கிப்போவோம். ஹாஜிர் என்றால் இந்துஸ்தானியில் "உள்ளேன்" என்று எனக்குத் தெரியவந்தபோது எனக்கு வயது நாற்பது. அந்தப் படையில் கட்டளை மொழி இந்துஸ்தானி. அத்தை சொன்னது முகாமில் ராத்திரி எடுத்த ஆஜர். சரித்திரம் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவள் நான், வீட்டுக்குள் ஓடிய சரித்திரத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கியிருக்கிறேன். அதற்குள் அத்தை போய்விட்டார். இருபது பெயராவது சொல்லியிருப்பார். இன்று நினைவில் நிற்பது நாலு.

தியாகிகள் பென்ஷன் திட்டம் 1972-இல் வந்தபோது அத்தையும் மனு போட்டார். இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர்களுக்கும் அது உண்டு. சிறையில் இருந்த சான்றோ, கூட இருந்தவர்களின் சான்றோ வேண்டும். சிறைக்கணக்கு அத்தையிடம் இல்லை. கூட இருந்தவர்கள் கடல் தாண்டி எந்தெந்தத் தோட்டத்திலோ. ஓர் அலுவலகத்தில் எழுத்தர் நிமிர்ந்து பார்த்து, "வீட்டுக்காரர் சார்பாகவா அம்மா?" என்று கேட்டாராம். அத்தை மனுவை வாங்கி நாலாக மடித்து (மூலைகள் கத்தி மாதிரிதான்) இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டார். அப்புறம் அந்தப் பேச்சே இல்லை.

அதனால் உங்களுக்கு என் பதில் இதுதான். பென்ஷனுக்கு அரசாங்கம் கேட்கும் ஆதாரம் வேறு, ஊர்ப்பலகைக்கு வேண்டிய ஆதாரம் வேறு. பலகையில் பெயர் இருந்தால் யாருக்கும் காசு போகப்போவதில்லை. பாட்டி சொல்லக் கேட்ட இரண்டு மூன்று பேரை, சொந்தக்காரர் அல்லாதவர் ஒருவரையாவது சேர்த்து, உட்காரவைத்துப் பேசச் சொல்லி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பாட்டி எந்த முகாமில் இருந்தார், யாரோடு இருந்தார், எப்படித் திரும்பினார் என்று கேளுங்கள். பெருமை அடித்துக்கொள்ளச் சொன்ன கதையில் எல்லாம் பெரிதாக இருக்கும். உண்மையில் நடந்தது என்றால் கால் கொப்புளமும் குளிக்கத் தண்ணீர் இல்லாததும் வரும். பலகைக்காரர்கள் அப்போதும் மறுத்தால், ஆண்கள் பெயருக்கு என்ன ஆதாரம் வாங்கினீர்கள் என்று மெதுவாகக் கேளுங்கள்.

கேள்வி: ஜப்பான்காரனோடு சேர்ந்த படைக்கு நினைவுச்சின்னமா? மலாயாவில் ஜப்பான்காரன் செய்த கொடுமை உங்களுக்குத் தெரியாதா? (வாசகர், கிள்ளான்)

தெரியும் ஐயா. உங்கள் கோபம் நியாயம்தான். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்ததும் சீனர்களை வரிசையில் நிறுத்திக் கொன்றதும், தோட்டத்து ஆண்களைச் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போடும் வேலைக்கு அள்ளிக்கொண்டு போனதும் ஒரே கைதான்.

ஆனால் அந்தப் பெண் எங்கே நின்றுகொண்டிருந்தாள் என்று பாருங்கள். துரை ஓடிவிட்டான். தோட்டத்தில் வேலை இல்லை, அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான் மூன்று வேளையும். வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டுக்கு மதிப்பில்லை. கங்காணி முன்னால் தலை நிமிர்ந்து பேசியே பழக்கமில்லாத பதினேழு வயதுப் பெண்ணிடம் ஒருவர் வந்து, உன் நாட்டுக்காக நீ சிப்பாய் ஆகலாம் என்கிறார். சிலர் தேசத்துக்காகப் போனார்கள், சிலர் சோற்றுக்காக, சிலர் லயத்திலிருந்து தப்பித்தால் போதும் என்று. ஒரே பெண்ணுக்குள் மூன்றும் இருந்திருக்கும். கோலாலம்பூரில் வசதியான வீட்டிலிருந்து காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சேர்ந்த ஜானகி தேவருக்கும், இந்தத் தோட்டத்துப் பெண்ணுக்கும் படையில் ஒரே காக்கி. ஜானகி பின்னால் மலேசியாவில் செனட்டர் ஆனார், 2000-இல் பத்மஸ்ரீ வாங்கினார். மற்றவள் திரும்பப் போய்ப் பால்மரம் வெட்டினாள்.

சின்னம் வைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்லில் ஜப்பானைப் புகழ்ந்து ஒரு சொல் வேண்டாம், வெற்றி என்றும் வேண்டாம். அந்தப் பள்ளி வாசலைச் சீனக் குடும்பங்களும் தினம் தாண்டிப் போகும்.

கேள்வி: படைக்குப் போகாத பெண்களுக்கு ஒன்றும் கிடையாதா? என் பாட்டியின் கணவர் சயாமுக்குப் போய்த் திரும்பவில்லை. ஐந்து பிள்ளைகளை அவர் ஒற்றையாளாக வளர்த்தார். (வாசகி, தைப்பிங்)

இதை நீங்கள் கேட்டிருக்காவிட்டால் நானே கேட்டிருப்பேன்.

சயாம் பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் இறந்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் அவர்களுக்கு வரிசை வரிசையாகப் பெயரோடு கல்லறை, வெட்டிய புல், பூச்செடி. ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போலப் பல மடங்கு இறந்தார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். அவர்களுக்கு அப்படி ஒரு வரிசை இல்லை. செத்தவனுக்கே கல் இல்லாதபோது, அவன் திரும்புவான் என்று லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தவளுக்கு யார் வைப்பார்கள்?

சயாமுக்குப் போனவனின் மனைவி விதவையா, சுமங்கலியா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பொட்டு வைத்தால் ஒரு பேச்சு, வைக்காவிட்டால் ஒரு பேச்சு. கோணிச் சாக்கைக் கிழித்துப் பிள்ளைக்குச் சட்டை தைத்தாள். கிழங்கு நட்டாள். காய்ச்சலுக்குக் கொய்னா மருந்து கிடைக்காமல் ஒரு பிள்ளையைப் புதைத்தாள். இதைப் போர்க்காலச் சேவை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. பேராக் வாசகர் இதையும் படிக்கட்டும். உங்கள் கல்லுக்கு இரண்டு பக்கம் இருக்கிறதல்லவா? ஒரு பக்கம் போனவர்கள், மறுபக்கம் இருந்தவர்கள்.

கேள்வி: இந்தியாவில் ஊர்ப்பெண்களுக்கென்று இப்படி ஏதாவது இருக்கிறதா? (வாசகர், ராஜபாளையம்)

இருக்கிறது. குஜராத்தில் புஜ் நகரை ஒட்டிய மாதாபர். 1971 டிசம்பர் போரில் பாகிஸ்தான் விமானங்கள் புஜ் ஓடுபாதையை உடைத்துவிட்டன. விமானம் ஏற முடியாது, செப்பனிட ஆள் இல்லை. மாதாபர் பெண்கள் சுமார் 300 பேர் போனார்கள். பலருக்கு வீட்டில் கைக்குழந்தை. மேலிருந்து தெரியாமலிருக்க வெளிர்பச்சைப் புடவை. சங்கு ஊதினால் புதருக்குள் ஓடுவது, அடங்கியதும் வந்து மறுபடி சட்டி தூக்குவது. 72 மணி நேரத்தில் பாதை தயார். பல பத்தாண்டுகள் கழித்து அவர்கள் ஊரிலேயே "வீராங்கனா ஸ்மாரக்" என்று நினைவிடம் எழுந்தது. அவர்கள் செய்தது சித்தாள் வேலைதான் என்பதை யாரும் மறைக்கவில்லை. அதனாலேயே எனக்குப் பிடிக்கிறது.

கேள்வி: திறப்பு விழாவுக்கு அமைச்சரைக் கூப்பிட வேண்டுமா? (இன்னொரு பேராக் வாசகர், குழுப் பொருளாளராம்)

கூப்பிடுங்கள், வந்தால் ரோடு போடுவார்கள். ஆனால் கல்லில் அவர் பெயர் அந்தப் பெண்களின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருக்கக்கூடாது. முடிந்தால் கல்லின் பின்பக்கம், அடியில். பணம் கொடுத்தவர்கள் பட்டியலும் அங்கேயே.

கேள்வி: கல்லில் என்ன வாசகம் எழுதுவது? "வீரமங்கையர் புகழ் ஓங்குக" என்று எங்கள் தலைவர் எழுதியிருக்கிறார். (அதே பொருளாளர்)

தலைவரிடம் நான் சொன்னதாகச் சொல்லவேண்டாம். அந்த வரியை எந்த ஊரில் எந்தக் கல்லில் வேண்டுமானாலும் எழுதலாம். நம் பழைய நடுகற்களைப் பாருங்கள். எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யார், எந்தச் சண்டையில் பட்டான், முடிந்தது. இப்படி எழுதிப் பாருங்கள்: "இந்தத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த இந்த ஏழு பெண்கள் 1943-இல் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து பர்மா போனார்கள். ஐந்து பேர் திரும்பி வந்தார்கள்." கீழே பெயர்கள். எண்ணிக்கையை உங்கள் கணக்குப்படி மாற்றிக்கொள்ளுங்கள். தமிழிலும் எழுதுங்கள், மலாயிலும் எழுதுங்கள். பளபளக்கும் கருங்கல்லில் தங்க மை வேண்டாம், மை அஞ்சு வருடத்தில் போய்விடும். ஆழமாக வெட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில்தான் ஏற்கெனவே இந்திய தேசிய ராணுவத்துக்கு நினைவுச்சின்னம் இருக்கிறதே, ஊர் ஊருக்கு எதற்கு? (வாசகர், சிங்கப்பூர்)

அங்கே இப்போது இருப்பது 1995-இல் வைத்த அடையாளம். முதல் சின்னத்தின் கதை தெரியுமா? கடற்கரை எஸ்பிளனேடில் 1945 ஜூலை 8 அன்று போஸ் அடிக்கல் வைத்தார். ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. செப்டம்பரில் பிரிட்டிஷ்காரர்கள் திரும்பினார்கள், வந்த வேகத்தில் அதை இடித்துத் தள்ளினார்கள். இரண்டு மாதம்கூட முழுதாக நிற்கவில்லை. ஒரே இடத்தில் ஒரே சின்னம் என்றால் ஒரு உத்தரவு போதும். பத்துப் பள்ளி வாசலில் பத்துச் சின்னக் கல் இருந்தால் யார் போய் எதை இடிப்பது?

கேள்வி: எங்கள் பாட்டியின் தங்கைக்கு 97 வயது. படையில் இருந்தவர். நினைவு நன்றாக இருக்கிறது. ஆனால் எதைக் கேட்டாலும் "நான் என்னத்தச் செஞ்சேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கல்லில் தன் பெயர் கூடாது என்கிறார். என்ன செய்வது? (பேத்தி, ஈப்போ)

கூடாது என்றால் கூடாதுதான். அவர் இருக்கும் வரை அவர் பெயரை வெட்டாதீர்கள், இடம் மட்டும் விட்டுவையுங்கள்.

போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டி "பாட்டி, போஸைப் பார்த்தீர்களா" என்று கேட்பதையும் நிறுத்துங்கள். அவரைப் பற்றி எதுவுமே கேட்காதீர்கள். ராத்திரி விளக்கை அணைத்தபிறகு பக்கத்தில் உட்கார்ந்து, முகாமில் உங்களுக்கு அடுத்த படுக்கையில் யார் படுத்திருந்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். பதில் வந்தால், அதற்கு அடுத்த படுக்கையில் யார் என்று கேளுங்கள். கையில் பேனா இருக்கட்டும்.